270 ரூபாய், 60 மாதம், 550 கிராம்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ஒரு வெள்ளிக் கோப்பைக்காக ரக்பி ஆடுகின்றன. அந்தக் கோப்பை 270 இந்திய ரூபாயில் செய்தது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் முதல் ஆட்டம் ஆடினார்கள். அடுத்த மாதமே 137 உறுப்பினர்களோடு கிளப் தொடங்கிவிட்டது. கிளப்பில் இலவச பார் இருந்தவரை கூட்டம் இருந்தது. பாரை மூடினார்கள், கூட்டம் கரைந்தது. ஊரில் இருந்த படைப்பிரிவும் இடம் மாறியது. கிளப்பைக் கலைக்கும்போது வங்கியில் மிச்சம் இருந்ததை வெள்ளி ரூபாயாகவே எடுத்து, உருக்கி, கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்று கைப்பிடியும் நாகப்பாம்பு, மூடி மேல் யானை, உயரம் 18 அங்குலம்.

கணக்குப் பார்ப்பவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அன்றைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு சுத்த வெள்ளி. 270 ரூபாய்க்கு மொத்த எடை 3,148 கிராம், அதில் வெள்ளி 2,886 கிராம். ஒரு கிளப்பின் மொத்த ஆஸ்தியையும் தராசில் வைத்துப் பார்க்க முடிகிற சந்தர்ப்பம் வேறெங்கும் கிடைக்காது.

1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் இந்தக் கோப்பைக்கு நடந்த முதல் ஆட்டம் சமனில் முடிந்தது. அங்கிருந்து நேராக 2024 பிப்ரவரி 24-க்கு வருவோம். அதே எடின்பரோ, மர்ரேஃபீல்டு மைதானம். ஸ்காட்லாந்து 30, இங்கிலாந்து 21. ஸ்காட்லாந்தின் மூன்று டிரையையும் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) அடித்தவர் ஒரே ஆள். டிரைக்கு 5 புள்ளி வீதம் 15. அணியின் 30-இல் சரிபாதி. அவர் பெயர் டுஹான் வான் டெர் மெர்வ். பிறந்தது தென்னாப்பிரிக்காவில்.

இந்திய வெள்ளியில் செய்த கோப்பையை, தென்னாப்பிரிக்காக்காரர் ஒருவர், ஸ்காட்லாந்துக்காக, இங்கிலாந்துக்கு எதிராக வென்று கொடுக்கிறார். இதில் எது எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டால் திருப்பூரில் ஷிப்பிங் டாக்குமெண்ட் தயார் செய்யும் யாரும் பதறமாட்டார்கள். நாள் முழுக்க அவர்கள் பார்ப்பதே இந்தக் கணக்குத்தான்.

முதலில் ஆளின் கணக்கு. வான் டெர் மெர்வ் 1995 ஜூன் 4-இல் ஜார்ஜ் என்ற நகரத்தில் பிறந்தவர். உயரம் 193 செ.மீ., எடை நூறு கிலோவுக்கு மேல். பிரிட்டோரியாவிலும் பிறகு பிரான்ஸின் மோன்பெலியேவிலும் ஆடிவிட்டு, 2017-இல் 22 வயதில் எடின்பரோ கிளப்புக்கு வந்து சேர்ந்தார். 2020 அக்டோபர் 23-இல் ஜார்ஜியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்து சட்டையில் இறங்கினார், முதல் ஆட்டத்திலேயே ஒரு டிரை. வந்ததற்கும் இறங்கியதற்கும் இடையில் ஏறக்குறைய 40 மாதம். அன்றைய விதி கேட்டது 36.

உலக ரக்பி அமைப்பு ஒரு வீரரிடம் முக்கியமாகக் கேட்பது இவைதான்: அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லை அப்பா அம்மாவில் ஒருவர் பிறந்திருக்க வேண்டும், இல்லை தாத்தா பாட்டியில் ஒருவர். மூன்றும் இல்லையென்றால் அந்த நாட்டு ரக்பியில் தொடர்ச்சியாக இத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அது கேட்பதில்லை. அந்த மாதக் கணக்கு நெடுங்காலம் 36 ஆக இருந்தது. பணக்காரச் சங்கங்கள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்து, மூன்று வருடம் பழுக்கவைத்து, தேசியச் சட்டை போட்டுவிடுகின்றன என்ற புகார் வலுத்ததும், 2017 மே மாதம் அதை 60 ஆக்க முடிவெடுத்தார்கள். 2020 டிசம்பர் 31-இல் அமலாக வேண்டியது, கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021 டிசம்பர் 31-இல் வந்தது. 36-இன் கீழ் உள்ளே வந்த கடைசி வரிசையில் நம் ஆளும் ஒருவர்.

அந்த 24 மாத வித்தியாசத்தை மதிப்புப் போட்டுப் பார்க்கலாம். 60 மாத விதி அப்போதே இருந்திருந்தால் அவர் 2022 நடுவில்தான் ஸ்காட்லாந்துக்கு ஆடியிருக்க முடியும். 2021 ஆறு நாடுகள் போட்டியில் அவர் அடித்த 5 டிரை போயிருக்கும். அந்தப் போட்டியில் அதிக டிரை அடித்தவர் அவர்தான். அதே ஆண்டு பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா போனது, மூன்று டெஸ்டிலும் அவர் தொடக்க வரிசையில் இருந்தார். பிறந்த நாட்டுக்கு எதிராக மூன்று டெஸ்ட். அவையும் போயிருக்கும். 2024-இல் ஸ்காட்லாந்தின் அதிகபட்ச டிரை சாதனை அவர் பெயருக்கு வந்ததே, அதுவும் இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

இன்னொரு ஜார்ஜ்காரரும் உண்டு. சி.ஜே. ஸ்டாண்டர். 2012-இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்கு வந்தார், 2016 பிப்ரவரியில் அயர்லாந்துச் சட்டை போட்டார், 51 சர்வதேச ஆட்டங்கள் ஆடி 2021-இல் ஓய்வு பெற்றார். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர், இரண்டு வேறு நாட்டுக்கு.

இப்போது சதவீதம். முதல் ஆட்டத்தன்று வான் டெர் மெர்வின் வயது 25 வருடம் 4 மாதம், அதாவது 304 மாதம். அதில் ஸ்காட்லாந்துக் கணக்கு 40. 13 சதவீதம். புதிய விதிப்படி அதே ஆள் 27 வயதில் இறங்கியிருந்தால் 324-க்கு 60, அதாவது 18.5 சதவீதம். ஆக, ஒருவரின் வாழ்நாளில் எட்டில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ சேர்ந்தால் சட்டையில் நாட்டின் பெயர் ஏறிவிடும். இந்தச் சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சட்டை. திருப்பூரில் ரக்பி என்பது ஒரு ஸ்டைலின் பெயர். அகலமான குறுக்குக் கோடு, முழுக்கை, வெள்ளை ட்வில் துணியில் காலர், மூன்று ரப்பர் பட்டன். ரப்பர் ஏனென்றால், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளும் ஆட்டத்தில் கெட்டிப் பட்டன் தோலைக் கிழிக்கும். இன்றைய தேசிய அணிகள் ஆடுவது பாலியெஸ்டர் சட்டையில். பருத்திச் சட்டை ரசிகர்களுக்கும், ரக்பி என்றால் என்னவென்றே தெரியாமல் குளிருக்குப் போட்டுக்கொள்பவர்களுக்கும். திருப்பூருக்குப் பழக்கமான சரக்கு இந்தப் பருத்திதான்.

மெர்ச்சண்டைசர் மேஜையில் இந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். எக்ஸ்எல் சைஸ். நீளம் 78 செ.மீ., கை 66, மடிப்புக்கும் தையலுக்கும் 12. கூட்டினால் 156. மார்பு பாதி அளவு 60, அலவன்ஸ் 3, ஆக 63. 156-ஐ 63-ஆல் பெருக்கி, முன் பின் இரண்டு பக்கத்துக்கு இரண்டால் பெருக்கினால் 19,656 சதுர செ.மீ. துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, 280. பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்தால் 550 கிராம். சாதாரண டி-ஷர்ட்டுக்கு 200 கிராமுக்குள் முடிந்துவிடும். ரக்பி சட்டை என்றதும் எங்கள் ஊரில் முதலில் கேட்பது "துணி எடை எவ்வளவு?" என்பதற்குக் காரணம் இதுதான். நூல், சாயம், நிட்டிங், கட்டிங் எல்லாவற்றிலும் கழிவு சேர்த்தால் ஒரு சட்டைக்கு 600 கிராம் நூல் வேண்டும். 5,000 சட்டை ஆர்டர் என்றால் 3,000 கிலோ.

ஆட்டநாள் அணிக்கு 23 பேர். 23 சட்டைக்கு 13.8 கிலோ நூல். இதற்காக எந்தச் சாயப்பட்டறையும் பாத்திரத்தைச் சூடாக்காது. தேசிய அணிக்காகச் சட்டை என்பது பேச்சுக்குத்தான், தொழிலை நடத்துவது கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள்.

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். நூல் விலை வாரத்துக்கு வாரம் மாறும், பார்ட்டிக்குப் பார்ட்டி ரேட் வேறு. விகிதம் தெரிந்தால் போதும்.

நூல் கிலோ 260 ரூபாய்
நூல் சாயம் 150
கோடு போடும் நிட்டிங் 60
வாஷிங், காம்பேக்டிங் 25
ஆகக் கிலோ 495, சட்டைக்கு 600 கிராம் வீதம் 297
காலர் துணி, பட்டன், லேபிள், எம்பிராய்டரி, பாலிபேக், அட்டைப்பெட்டிப் பங்கு 60
கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் 95
கூட்டல் 452
ரிஜெக்‌ஷன் 3 சதவீதம், நிர்வாகம் மற்றும் வட்டி 12 சதவீதம், மார்ஜின் 8 சதவீதம் என ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் 563

சாயத்துக்கு 150 என்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் புருவம் உயர்த்துவார்கள். அதற்குள் தண்ணீரின் வரலாறு இருக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. திரும்பத் திறந்தவை ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்துத்தான் ஓடுகின்றன. ஆவியாக்கும் விறகு, மின்சாரம், மிச்சமாகும் உப்பு எல்லாம் கிலோ ரேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இந்த 150 குறைவு என்பார்கள்.

563-இல் 95 என்றால் 17 சதவீதம். சதவீதத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காக. அமெரிக்கச் சுங்கத்துறையின் விதிப்படி, வெட்டித் தைக்கும் பின்னலாடையின் நாடு எதுவென்றால், அது முழுசாகத் தைத்து முடிக்கப்பட்ட நாடு. 1996 ஜூலையிலிருந்து இதுதான் சட்டம். பஞ்சு குஜராத்தோ எகிப்தோ, நூல் கோவையோ வியட்நாமோ, கேள்வியே இல்லை. ஓவர்லாக் தையல் இயந்திரம் ஓடிய இடமே தாய்நாடு. 83 சதவீதச் செலவு எங்கே நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, 17 சதவீதம் முடிவு செய்துவிடுகிறது. டுஹானுக்கு 13, புதிய விதியில் 18.5, சட்டைக்கு 17. மூன்று எண்ணையும் யாரும் பேசிவைத்துக்கொண்டு போடவில்லை. ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஒரு வித்தியாசம் உண்டு. ரக்பியில் பாட்டி பிறந்த ஊர் கணக்கில் வரும், அமெரிக்கச் சுங்கத்தில் பஞ்சு விளைந்த ஊர் வராது. ஐரோப்பா வேறு மாதிரி. அங்கே வரிச்சலுகை கேட்டு வரும் சாதாரண வளரும் நாடு, துணியும் தன் நாட்டில் ஓட்டி, தையலும் தன் நாட்டில் முடித்திருக்க வேண்டும். பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருந்தால் தையல் மட்டும் போதும் என்று 2011-இல் தளர்த்தினார்கள். டாக்காவின் பாய்ச்சலுக்குப் பின்னால் இந்த ஒரு விதி இருக்கிறது. இந்தியாவிலிருந்து போன நூலும் சீனாவிலிருந்து போன துணியும் அங்கே தைக்கப்பட்டு, வங்கதேசச் சட்டையாக வரி இல்லாமல் ஐரோப்பாவுக்குள் போயின. நம் சரக்கு வரி கட்டிவிட்டுப் போனது.

சட்டையின் பிறப்புச் சான்றுக்கு என்ன விலை? பிரிட்டனுக்கு எடுத்துக்கொள்வோம். 563-ஓடு கப்பல் செலவு 20 சேர்த்தால் 583. அங்கே ஆடைக்குப் பொது வரி 12 சதவீதம், அதாவது 70 ரூபாய். வளரும் நாடுகளுக்கான சலுகை விகிதம் 9.6 என்று எடுத்தால் 56 ரூபாய். 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தப்படி பூஜ்யம், சட்டை இந்தியச் சட்டை என்று நிரூபித்தால். இந்தச் சட்டையில் கம்பெனிக்கு வரும் மார்ஜின் 42 ரூபாய்தான். 70-ஓ 56-ஓ, சான்றிதழ் காகிதத்தின் மதிப்பு சட்டையின் லாபத்தைவிட அதிகம். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் டாக்குமெண்டேஷன் கிளார்க்குக்குச் சம்பளம் என்னவென்று நான் சொல்லப்போவதில்லை.

அமெரிக்கப் பக்கம் காகிதம் எதிர்த்திசையில் வேலை செய்தது. பருத்தியில் பின்னிய ஆண்கள் சட்டைக்கு அங்கே வழக்கமான வரி 19.7 சதவீதம், செயற்கை இழையென்றால் 32. 2025 ஆகஸ்ட் 7-இல் இந்தியச் சரக்குக்கு அதன்மேல் 25 ஏறியது, ஆகஸ்ட் 27-இல் இன்னொரு 25. ஆக 69.7. எங்கள் 563 ரூபாய்ச் சட்டைக்கு அப்போது அங்கே வரி 392 ரூபாய் ஆனது. இந்தியாவில் பிறந்தது என்பதற்காக மட்டும் அதில் 281 ரூபாய். ஆகஸ்ட் மாதம் திருப்பூரில் பல கம்பெனிகளில் கட்டிங் முடிந்த சரக்கு கட்டுக்கட்டாக டேபிளிலேயே நின்றது. 2024-25 நிதியாண்டில் சுமார் 44,700 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர், ஒரு லேபிளில் இருந்த 'மேட் இன் இந்தியா' என்ற மூன்று சொல்லால் மூச்சு வாங்கியது.

லண்டன் கடையில் அந்தச் சட்டைக்கு 60 பவுண்டு என்று வையுங்கள். பவுண்டு 115 ரூபாய் என்றால் 6,900. அதில் பிரிட்டிஷ் அரசின் விற்பனை வரி மட்டும் 10 பவுண்டு, 1,150 ரூபாய். பஞ்சு முதல் பெட்டி வரை திருப்பூர் வாங்கியது 563, அதாவது 8 சதவீதம். வரி மட்டுமே நம் மொத்தப் பில்லைப்போல் இரண்டு மடங்கு.

இந்தியச் சட்டைக்கு ஆளைப் போடுவதற்கு என்ன கணக்கு என்றும் பார்க்க வேண்டும். கிளப் அளவில் ஒன்றும் வேண்டாம். 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் முதல்முறையாக நடந்தது. 6 அணி, ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடு இரண்டு முறை, ஆக 30 ஆட்டம், மேலே நாலு. இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் டெல்லி ரெட்ஸை 41-0 என்று அடித்துக் கோப்பை வாங்கியது. சென்னைப் பெயரில் வெளிநாட்டு வீரர்கள் ஓடினார்கள். அதற்குத் தேவைப்பட்டது பூஜ்யம் மாதம். டெல்லியின் பயிற்சியாளர் தொமாசி தாமாவின் அப்பா ஃபிஜிக்கு ஆடியவர், மகன் நியூசிலாந்துக்கு ஆடி 2012-இல் உலகின் சிறந்த செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) வீரர் விருது வாங்கியவர். ஒரே வீட்டுக்குள் இரண்டு தேசியச் சட்டை.

தேசிய அணி என்றால் கதை வேறு. 2008 டிசம்பரில் வந்த அரசுக் கொள்கைப்படி இந்தியாவுக்கு ஆட இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். பூர்வீகம் இந்தியா என்பது போதாது. வெளிநாட்டவர் ஒருவர் குடியுரிமைச் சட்டப்படி இயல்புரிமை மூலம் குடிமகனாக வேண்டுமென்றால், கடைசி 12 மாதம் இடைவிடாமல் இங்கே இருந்து, அதற்கு முந்தைய 14 வருடத்தில் 11 வருடம் இருந்திருக்க வேண்டும். மொத்தம் 144 மாதம், ரக்பி கேட்பதைப்போல 2.4 மடங்கு. 22 வயதில் சென்னைக்கு வந்து இறங்கும் ஒரு விங்கர் (ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரர்) 34 வயதில் இந்தியாவுக்கு ஆடத் தகுதி பெறுவார். அதற்குள் முழங்கால் முடிந்திருக்கும். ஜப்பானை எடுத்துக்கொண்டால், கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்த மைக்கேல் லீச் 15 வயதில் சப்போரோவுக்குப் படிக்கப் போனவர், 2008-இல் 20 வயதில் ஜப்பானுக்கு ஆடினார், 2013-இல்தான் குடியுரிமை. 2015-இல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்திய ஜப்பானுக்கு அவர்தான் கேப்டன். அங்கே ஆட்டம் முன்னால் போனது, பாஸ்போர்ட் பின்னால் வந்தது.

இந்தியாவின் பெண்கள் ரக்பி வேறு பக்கமாக வளர்ந்தது. ஒடிசாவின் புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா பள்ளியில் பந்தைக் கொடுத்துப் பழக்கினார்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள், கடைசி நேரத்தில் பெனால்டி உதைத்தவர் கலிங்கா பள்ளியில் படித்த சுமித்ரா நாயக். பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்களுக்கு முதல் சர்வதேச வெற்றி.

அதே ஒடிசாவின் கிராமங்களிலிருந்துதான் திறன் பயிற்சித் திட்டத்தில் தையல் பழகி, தன்பாத்-ஆலப்புழை ரயில் ஏறித் திருப்பூரில் இறங்கும் பெண்களும் வருகிறார்கள். பின்னலாடைத் தொழிலில் நேரடியாக வேலை பார்ப்பவர்கள் சுமார் 6 லட்சம் என்று ஏற்றுமதியாளர்கள் சொல்வார்கள். அவர்களில் வடமாநிலத்தவர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் கணக்கெடுப்பே தேவையில்லை.

இவர்களுக்கும் ஒரு 60 மாதம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஒரே நிறுவனத்தில் தொடர்ச்சியாக 5 வருடம் கேட்டது, வருடத்துக்கு 240 நாள். முடித்தால் கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி வருடத்தால் பெருக்குவார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000 என்றால் 5 வருடத்துக்கு 40,385 ரூபாய். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் தீபாவளிக்கு ஊருக்குப் போவார், திரும்பி வரும்போது பழைய கம்பெனியில் ஆர்டர் இருக்காது, பக்கத்துத் தெருவில் பவர் டேபிள் தையல் யூனிட்டில் உட்காருவார். கணக்கு மறுபடியும் முதல் மாதத்திலிருந்து. எடின்பரோ கிளப் டுஹான் என்ற விங்கரை 40 மாதம் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, கணக்கு அறாமல் பார்த்துக்கொள்வதில் சங்கத்துக்கும் லாபம் இருந்தது. ஒரு டெய்லரின் 60 மாதம் நிறைவதில் இங்கே யாருக்கு லாபம்?

2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் முடிந்தாலே பணிக்கொடை என்கிறது. 60 என்பது 12 ஆகிறது. ரக்பி கணக்கைக் கூட்டிய காலத்தில் தொழிற்சட்டம் குறைத்திருக்கிறது. ஒப்பந்தத்தைக் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தால்தான் இது செல்லும்.

சட்டைக்கு இது எவ்வளவு? வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது சம்பளத்தில் 4.81 சதவீதம். தையல் பக்கத்து 95-இல் கூலி 60 என்று வைத்தால் 2 ரூபாய் 88 பைசா. மேலே ரிஜெக்‌ஷன், நிர்வாகம், மார்ஜின் எல்லாம் ஏற்றினால் 3 ரூபாய் 59 பைசா. 563 ரூபாய்ச் சட்டை 567 ஆகும். பையரின் ஓப்பன் கோஸ்டிங் ஷீட்டில் ஜிப்பருக்குத் தனி வரி உண்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுக்கும் உண்டு, பணிக்கொடை என்று ஒரு வரியை நான் பார்த்ததில்லை. பிரிட்டன் ஆர்டரில் வரி வகையில் 56 ரூபாய் குறையும்போது அதைப் பையரும் நாமும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு நடக்கும். அந்த மேஜையில் இந்த மூன்று ரூபாய் ஐம்பத்தொன்பது பைசாவையும் எழுதி வைக்கலாம்.